இரவு முழுவதும் என்பது எவ்வளவு நேரம்?

நம்மவர் கூடும் இடங்களில், கைக்குழந்தையோடு வரும் தாயிடம் தவறாமல் கேட்கப்படும் வினா ஒன்று உண்டு. “பிள்ளை இரவு முழுவதும் உறங்குகிறதா?” என்பதே அவ்வினா. தமிழ்ப் பள்ளியின் நடைக்கூடத்திலும், கோயிலின் உணவுக் கூடத்திலும், பிறந்தநாள் விருந்துகளிலும் இது எழுகிறது. கேட்பவர் அன்பினாலேயே கேட்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆயினும், விடை கூறவேண்டிய தாயின் முகத்தில் ஒரு தயக்கம் படர்வதை நாம் காண்கிறோம். ‘ஆம்’ என்றால் தேர்ச்சி, ‘இல்லை’ என்றால் தோல்வி என்பதுபோல் அங்கே ஒரு தேர்வு நடந்து முடிந்துவிடுகிறது. தேர்வைத் தொடர்ந்து அறிவுரைகள் வருகின்றன. தனி அறையில் விடுக என்பார் ஒருவர், அழட்டும், தானே உறங்கும் என்பார் மற்றொருவர், ‘அழவிடுவதா? இது என்ன கொடுமை!’ என்பார் ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியார். முன்பே உறக்கமிழந்து வாடும் இளம் பெற்றோர், இப்போது மன அமைதியையும் இழந்து வீடு திரும்புகின்றனர்.

இத்தேர்வின் வினாத்தாளே சரியாக அமையவில்லை என்பது எம் கருத்து. ‘இரவு முழுவதும்’ என்னும் சொற்களுக்குப் பொருள் என்ன? மாலை ஏழு மணி முதல் காலை ஏழு மணி வரையா? பெற்றோர் படுத்தது முதல் எழுவது வரையா? குழந்தை ஒருமுறையேனும் கண் விழிக்காமல் இருப்பதா, விழித்தும் அழாமல் இருப்பதா? கேட்பவர் மனத்தில் ஒன்றும் சொல்பவர் மனத்தில் வேறொன்றும் இருக்கும்போது, அவ்விடையைக் கொண்டு யாரை எடைபோட முடியும்?

அளவுகோல் பிறந்த கதை

இச்சொற்றொடருக்கு மருத்துவ உலகம் வகுத்த அளவு பலருக்கும் வியப்பளிக்கும். மூர், உக்கோ என்னும் ஆய்வாளர் இருவர், இலண்டனில் 160 குழந்தைகளின் இரவு விழிப்பைப் பற்றி ஆராய்ந்து, 1957ஆம் ஆண்டு தம் கட்டுரையை வெளியிட்டனர். நள்ளிரவு பன்னிரண்டு மணி முதல் விடியற்காலை ஐந்து மணி வரை குழந்தை உறங்கினால், அது இரவு உறக்கத்திற்குப் பழகிவிட்டது என்று அவர்கள் கொண்டனர். அக்கணக்கின்படி மூன்று மாத வயதிற்குள் நூற்றுக்கு எழுபது குழந்தைகள் அந்நிலையை அடைந்துவிட்டன. பின்வந்த ஆய்வாளர் பலரும் இந்த ஐந்து மணி நேரத்தையே அளவாகக் கையாண்டனர்.

இதனை நம் முன்னோர் கணக்கிற்கு மாற்றிப் பார்ப்போம். ஒரு நாழிகை இருபத்து நான்கு நிமிடம். ஒரு நாளுக்கு அறுபது நாழிகை. இரவுக்கு மட்டும் முப்பது நாழிகை. ஐந்து மணி நேரம் என்பது பன்னிரண்டரை நாழிகை. ஏழரை நாழிகை கொண்டது ஒரு யாமம் என்பதால், இது இரண்டு யாமம்கூட ஆகவில்லை. முப்பது நாழிகை இரவில் பன்னிரண்டரை நாழிகை உறங்கினாலே ‘இரவு முழுவதும்’ உறங்கியதாக ஆய்வேடு கூறுகிறது. ஆனால் அச்சொற்களைக் காதால் கேட்கும் தாயோ முப்பது நாழிகையையும் எண்ணிக் கவலைகொள்கிறார். இரவு எட்டு மணிக்கு உறங்கி, பதினொன்றரை மணிக்கு ஒருமுறை பால் குடித்து, ஐந்தேகால் மணிக்கு எழும் குழந்தையை ‘இரவெல்லாம் உறங்குவதில்லை’ என்று அவர் கூறக்கூடும். ஆய்வாளரோ அதே குழந்தையை நன்கு உறங்கும் குழந்தைகளின் வரிசையில் எழுதுவார்.

அளவுகோலை மாற்றினால் விடையும் மாறும் என்பதற்கு அண்மைக் காலச் சான்றும் உண்டு. கனடா நாட்டு ஆய்வாளர் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில் 388 குழந்தைகள் இடம்பெற்றனர். தொடர்ந்து ஆறு மணி நேரம் உறங்குவதே அளவு எனக் கொண்டபோது, ஆறு மாத வயதில் நூற்றுக்கு 38 குழந்தைகள் அதனை எட்டவில்லை. எட்டு மணி நேரம் எனக் கொண்டபோதோ நூற்றுக்கு 57 குழந்தைகள் எட்டவில்லை. ஓராண்டு நிறைந்த நிலையிலும், எட்டு மணி நேரம் தொடர்ந்து உறங்காதவர் நூற்றுக்கு 43 பேர். அவ்வாறு உறங்காத குழந்தைகளின் உடல், மன வளர்ச்சியில் எவ்விதக் குறைபாடும் அவ்வாய்வில் காணப்படவில்லை. கிட்டத்தட்டப் பாதிக் குழந்தைகள் செய்யும் ஒன்றைக் குறை என்று சொல்வது எவ்வாறு பொருந்தும்?

இருளில் ஒளிப்படக் கருவி கண்டது

மற்றொரு செய்தியும் பெற்றோர் அறியத்தக்கது. இங்கே வளைகுடாப் பகுதியிலுள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தாமஸ் ஆண்டர்ஸ் என்னும் மருத்துவர், 1970களில் குழந்தைகளின் இரவு உறக்கத்தை ஒளிப்படக் கருவியால் பதிவுசெய்து ஆராய்ந்தார். பெற்றோர் ‘எழவே இல்லை’ என்று கூறிய குழந்தைகளும் இரவில் கண் விழிப்பதை அப்பதிவுகள் காட்டின. சில குழந்தைகள் விழித்து, சற்றே அசைந்து, தாமாகவே மீண்டும் உறங்கிவிட்டன. வேறு சில, அழுது பெற்றோரை அழைத்தன. ஆகவே, எல்லாக் குழந்தைகளும் விழிக்கின்றன. சில குழந்தைகள் மட்டுமே அதனை நமக்கு அறிவிக்கின்றன. நாம் ‘உறங்கும் குழந்தை’, ‘உறங்காத குழந்தை’ என்று பிரிப்பது, உண்மையில் ‘அழைக்காத குழந்தை’, ‘அழைக்கும் குழந்தை’ என்னும் பிரிவே ஆகும்.

தளிர்நடை பயிலும் ஒன்று முதல் மூன்று வயது வரையிலான பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஆறு மாதத்தில் அமைதியாக உறங்கிய பிள்ளை, ஒன்றரை வயதில் மீண்டும் இரவில் எழத் தொடங்கும்போது பெற்றோர் திகைக்கின்றனர். தாய் கண்ணுக்கு மறைந்தால் அஞ்சும் பருவம் அது. பல் முளைத்தலும், காய்ச்சலும், காப்பகத்தில் சேர்ந்த முதல் குளிர்காலத்துச் சளியும் அதனோடு சேர்கின்றன. நம்மவர்க்கு மற்றொரு காரணமும் உண்டு. கோடைக்காலத்தில் சென்னையின் நேரம் நியூ ஜெர்சிக்கு ஒன்பதரை மணியும், டாலஸ், ஆஸ்டின் நகரங்களுக்குப் பத்தரை மணியும், கலிபோர்னியாவுக்குப் பன்னிரண்டரை மணியும் முந்தியது. விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பிய பிள்ளைக்கு இரவு பகலாகவும் பகல் இரவாகவும் மாறிவிடுகிறது. அதன் உடலின் கடிகாரம் இன்னும் தாத்தா வீட்டிலேயே இருக்கிறது. அதனைப் பிடிவாதம் என்று வைதல் முறையாகாது.

ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் உறக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேர உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016ஆம் ஆண்டு அறிவித்தது. அவ்வறிவிப்பு நாள் முழுவதற்குமான கூட்டுத்தொகையையே கூறுகிறது. இடையில் எத்தனை முறை கண் விழிக்கலாம் என்று அது கணக்கிடவில்லை.

நாட்டுக்கு நாடு வேறு

‘இது அமெரிக்கா, இங்குள்ள வழக்கமே சரி’ என்பாரும், ‘நம் ஊர் வழக்கமே சிறந்தது’ என்பாரும் நம்மிடையே உளர். இருசாராரும் ஓர் ஆய்வை நோக்குதல் நன்று. 2010ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வாய்வு, இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளிலும் நிலப்பகுதிகளிலும், மூன்று வயதுக்குட்பட்ட 29,287 குழந்தைகளின் உறக்கத்தை ஒப்பிட்டது. நியூசிலாந்துக் குழந்தைகள் ஏறத்தாழ ஏழரை மணிக்கே படுக்கைக்குச் செல்ல, ஹாங்காங் குழந்தைகள் பத்தேகால் மணி அளவில் சென்றனர். பெற்றோரின் படுக்கையில் உறங்குவோர் நியூசிலாந்தில் நூற்றுக்கு ஆறு பேர் அளவினர். வியட்நாமில் நூற்றுக்கு 83 பேர். தம் குழந்தைக்கு உறக்கச் சிக்கல் இருப்பதாகக் கருதிய பெற்றோர் தாய்லாந்தில் நூற்றுக்கு 11 பேரே. சீனாவிலோ 76 பேர். குழந்தைகளின் உறக்கத்தில் உள்ள வேறுபாட்டைவிட, அதனைப் பார்க்கும் பெற்றோரின் கண்களில் உள்ள வேறுபாடு பெரிதாகத் தோன்றுகிறது அன்றோ?

அவசரம் யாருக்கு?

அங்ஙனமாயின், குழந்தை விரைவில் இரவு முழுவதும் உறங்க வேண்டும் என்னும் அவசரம் எங்கிருந்து வருகிறது? மறுநாட் காலை வேலைக்குச் செல்ல வேண்டிய கட்டாயத்திலிருந்தே அது வருகிறது என்பது எம் துணிபு.

1993ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம், ஐம்பது பேருக்குக் குறையாத நிறுவனங்களில் தகுதி பெற்றோர்க்குப் பன்னிரண்டு வார விடுப்பை அளிக்கிறது. அதற்குச் சம்பளம் இல்லை. சம்பளத்தின் ஒரு பகுதியேனும் கிடைக்கும் குடும்ப விடுப்பை நாட்டிலேயே முதன்முதலாக 2004ஆம் ஆண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்த மாநிலம் கலிபோர்னியா. 2020 முதல் அங்கே எட்டு வாரங்கள் கிடைக்கின்றன. நியூ ஜெர்சியில் 2009ஆம் ஆண்டு தொடங்கி, 2020 முதல் பன்னிரண்டு வாரங்கள். பேறுகாலத்து உடல்நலத்திற்கான உதவி இவ்விரு மாநிலங்களிலும் தனியே உண்டு. டெக்சாசிலோ, தனியார் நிறுவனங்களில் பணியாற்றுவோர்க்கு இத்தகைய விடுப்பைக் கட்டாயமாக்கும் மாநிலச் சட்டம் இல்லை. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பை அளிக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு உண்டு.

இதனுடன் மற்றொன்றையும் எண்ணுக. பேரக் குழந்தையைப் பார்க்க வரும் பாட்டி, தாத்தாவுக்குச் சுற்றுலா விசாவில் பெரும்பாலும் ஆறு மாதம் வரையே தங்க இசைவு கிடைக்கிறது. அவர்கள் விமானம் ஏறிய மறுநாள் முதல், ஊரில் நான்கைந்து பேர் பங்கிட்டுச் சுமந்த இரவு, இங்கே இருவர் தலைமேல் விழுகிறது. பல வீடுகளில் ஒருவர் தலைமேல் மட்டுமே விழுகிறது. காலை எட்டரை மணிக் கூட்டத்திற்குச் செல்ல வேண்டிய தாய்க்கு, குழந்தையின் இரண்டு மணி விழிப்பு ஒரு பேரிடர்போல் தோன்றுவதில் வியப்பில்லை. குறை குழந்தையிடமும் இல்லை, தாயிடமும் இல்லை. பலர் சேர்ந்து செய்துவந்த ஒரு பணியை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் களைத்தபோது வழிமுறைகளைக் கற்பிக்கிறோமே, அதுவே குறை.

அழவிடுவதும் அணைப்பதும்

போஸ்டன் நகரத்து மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர் 1985ஆம் ஆண்டு எழுதிய நூலால், குழந்தையைச் சிறிது சிறிதாகக் காத்திருக்கச் செய்து தானே உறங்கப் பழக்கும் முறை இந்நாட்டில் பரவியது. பெற்றோருடன் ஒரே படுக்கையில் உறங்குவதைப் பற்றிய தம் கடுமையான கருத்தை, அவரே 2006ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் தளர்த்திக்கொண்டார். ஆஸ்திரேலியாவில், ஏழு மாத வயதில் உறக்கச் சிக்கல் உடையவை எனப் பெற்றோர் கூறிய 326 குழந்தைகளைப் பற்றிய ஆய்வின் முடிவு 2012ஆம் ஆண்டு வெளிவந்தது. மென்மையான பழக்கமுறைகளைப் பின்பற்றிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் ஏனையோர்க்கும் இடையே, ஆறு வயதில் நன்மையிலும் தீமையிலும் வேறுபாடு காணப்படவில்லை. ஆதலால், பழக்க விரும்புவோர் இரக்கமற்றவரும் அல்லர். அணைத்து உறங்கச் செய்வோர் அறியாதவரும் அல்லர். இது அவ்வக் குடும்பத்தின் உரிமை.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுத்தல் ஆகாது. அது பாதுகாப்பு. ஓராண்டுக்குட்பட்ட குழந்தையை மல்லாந்த நிலையில், சமமான, உறுதியான படுக்கையில், தலையணையும் போர்வையும் இன்றித் தனியே கிடத்துக என்றும், குறைந்தது ஆறு மாதம் பெற்றோர் அறையிலேயே அப்படுக்கை இருக்கட்டும் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் கூறுகிறது. 2022ஆம் ஆண்டிலும் இதனை அது வலியுறுத்தியது. நாம் வளர்ந்த தூளியும் ஏணையும் நம் நினைவில் இனியவை. ஆயினும் வளைந்து குழியும் துணியில் பச்சிளங் குழந்தையை இரவெல்லாம் உறங்கவிடுவது இவ்வறிவுரைக்குப் பொருந்தாது. அன்பு மரபுக்குச் செய்யும் மரியாதையைவிடக் குழந்தையின் மூச்சு பெரிது. மூத்த தாய்மார் இதனைப் பொறுத்தருள வேண்டும். அவ்வாறே, பால் புட்டியை வாயில் வைத்தவாறே பிள்ளையை உறங்கவிடுவது பற்களைக் கெடுக்கும். நாள்தோறும் உரக்கக் குறட்டைவிடுதலோ, உறக்கத்தில் மூச்சுத் திணறுதலோ, பகலெல்லாம் சோர்ந்து கிடத்தலோ காணப்பட்டால், உறவினரைக் கேளாது மருத்துவரைக் கேட்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டிய வினா

எனவே நம் பெற்றோருக்கு ஒன்று கூற விழைகிறோம். ‘பிள்ளை இரவு முழுவதும் உறங்குகிறதா?’ என்பதை விடுத்து, ‘நீங்கள் உறங்கினீர்களா? இரவில் யார் எழுகிறீர்கள்?’ என்று கேட்போம். முதல் வினாவுக்கு ஒரு குழந்தையின் இயல்பே விடை. அதனை நாம் மாற்ற இயலாது. இரண்டாம் வினாவின் விடையை நாம் மாற்றலாம். நள்ளிரவு வரை தந்தையும் அதன்பின் தாயும் என முறை வைத்துக்கொள்ளலாம். வார இறுதியில் ஒரு பிற்பகல், அண்டைக் குடும்பத்தார் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் அப்பெற்றோர் மூன்று மணி நேரம் உறங்குவர். புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு ஐந்தாவது கம்பளி உடையைப் பரிசளிப்பதைவிட, இரண்டு நாள் சோறும் குழம்பும் சமைத்துக் கொடுத்தல் சிறந்தது. பிள்ளை பிறந்த வீட்டின் தாய் வாரக்கணக்கில் மனம் சோர்ந்து, அழுது, எதிலும் விருப்பமின்றி இருப்பாராயின், ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று கடந்துவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது உற்றாரின் கடமை.

தாலாட்டு கூறும் சான்று

‘நாங்கள் வளர்த்த பிள்ளைகள் இப்படியா எழுந்தார்கள்?’ என்று வியக்கும் முதியோருக்கு, நம் மொழியே மெல்லிய விடை ஒன்றை வைத்திருக்கிறது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் மூன்றாவது தாற்பருவம். தால் என்பது நாக்கு. நாவசைத்துப் பாடி உறங்கச் செய்வதால் தாலாட்டு ஆயிற்று. பெரியாழ்வார், கண்ணனுக்கே தாலாட்டுப் பாடினார். ஏற்றம் இறைத்தும் நாற்று நட்டும் களைத்த பெண்கள் பாடிய நாட்டுப்புறத் தாலாட்டுகளோ எண்ணற்றவை. பிள்ளைகள் எல்லாரும் தாமே உறங்கியிருந்தால் இத்தனை பாடல்கள் எதற்காகப் பிறந்தன? உறங்காத பிள்ளைகள் நம் மொழிக்கு அளித்த கொடை அவை.

தூளியை விட்டுவிட்டாலும் தாலாட்டை விடவேண்டியதில்லை. மாமன், அத்தை, பாட்டன் என உறவினரை ஒருவர்பின் ஒருவராக அழைப்பது தாலாட்டின் மரபு. அவ்வுறவினரைத் திரையில் மட்டுமே காணும் நம் பிள்ளைகளுக்கு, அவ்வுறவுச் சொற்கள் முதலில் காதில் விழுவது இருளில், தாயின் அல்லது தந்தையின் குரலில் இருக்கட்டும். வார இறுதியில் மூன்று மணி நேரம் தமிழ் கற்பிக்கும் பள்ளியால், ஒவ்வோர் இரவும் வீட்டில் நிகழும் அந்தப் பாடத்திற்கு ஈடு செய்ய முடியாது. குரல் இனிமையாக இருக்கவேண்டும் என்பதுமில்லை. கேட்கும் குழந்தை மதிப்பெண் இடுவதில்லை.

இறுதியாக, இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வயதினர்க்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினர்க்கு எட்டு முதல் பத்து மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்று மேற்கூறிய கழகமே கூறுகிறது. நள்ளிரவு வரை கைப்பேசியோடு விழித்திருப்போர், அழும் தம்பியைக் குறை கூறுதல் நேர்மையாகாது! வீட்டில் சிறு பிள்ளை உறங்கும் நேரத்தில் கதவை மெல்லச் சாத்துங்கள். களைத்திருக்கும் அம்மாவிடம், “நீங்கள் சற்றுப் படுங்கள்; நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பாட்டியிடம் ஒரு தாலாட்டைக் கேட்டுக் கற்று, தங்கைக்குப் பாடுங்கள். நீங்களும் ஒரு காலத்தில் இரவு இரண்டு மணிக்கு அழுது அழைத்தவர்களே. அப்போது யாரோ ஒருவர் எழுந்து வந்தார்.